வாக்கியக் கணக்கும் வாழ்க்கைக் கணக்கும்

நம் சங்கத்தின் மாலைநேர வகுப்பில் கணிதம் கற்பிக்கும் பணியை நாம் ஏற்றுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அவ்வகுப்பில் தவறாமல் ஒன்றைக் காண்கிறோம். எக்ஸின் மும்மடங்குடன் 5 கூட்டினால் 20 எனக் கரும்பலகையில் சமன்பாடாக எழுதிப் போட்டால், பத்தாம் வகுப்பு மாணவருள் பெரும்பாலோர் நொடியில் விடை கூறிவிடுவர். அதே சமன்பாட்டை ஒரு தந்தை, ஒரு மகன், அவர்தம் வயது என நான்கு வரியில் எழுதிக் கொடுத்தால் எழுதுகோல் நின்றுவிடும். விடைத்தாள்களிலும் வாக்கியக் கணக்குகளுக்குரிய இடமே வெறுமையாகக் கிடக்கும். எண்ணுக்கு அஞ்சாத பிள்ளைகள் வாக்கியத்துக்கு அஞ்சுகின்றனர்.

இது பிள்ளைகளின் அறிவுக்குறை என்று கூறுவாரும் உளர். நாம் அதனை ஏற்பதில்லை. ஒவ்வொரு வாக்கியக் கணக்குக்குள்ளும் ஒரு வீடு இருக்கிறது, ஒரு கடை இருக்கிறது. கூலி கொடுப்பவர் ஒருவர், கூலி பெறுபவர் ஒருவர் இருக்கின்றனர். அவர்கள் யார், அவர்களுக்குள் பங்கு எவ்வாறு என்பதைக் கணக்கை எழுதியவர் முன்னமே முடிவு செய்துவிடுகிறார். மாணவன் கண்டறிய வேண்டியது எண்ணை மட்டுமே. அந்த வீட்டுக்குள் ஒருபோதும் நுழைந்திராத பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுவதில் வியப்பென்ன? ஆகவே, வெள்ளிவிழா மலருக்குக் கட்டுரை வேண்டும் எனக் குழுவினர் கேட்டபோது, இவ்வாக்கியக் கணக்குகள் எங்கிருந்து வந்தன, எவ்வாறு மாறின, அவற்றுள் நம்மவர் எங்கே நின்றனர் என்பதை எழுதத் துணிந்தோம்.

வாக்கியக் கணக்கு இயற்கணிதத்தைவிட வயதில் மூத்தது. எகிப்து நாட்டில் கி.மு. 1550ஆம் ஆண்டளவில் ஆமோஸ் என்னும் எழுத்தர் பழைய சுவடி ஒன்றைப் பார்த்துப் படியெடுத்த கணக்கு நூல் இன்றும் உள்ளது. 1858இல் ரைண்ட் என்னும் ஸ்காட்லாந்து நாட்டவர் அதனை விலைக்கு வாங்கினார். அதனால் அது ரைண்ட் பாப்பிரசு எனப்படுகிறது. தெரியாத எண்ணுக்கு அந்நூல் தரும் பெயர் 'குவியல்'. ஒரு குவியலும் அதில் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, குவியல் எவ்வளவு? முதலில் 7 எனக் கொள்; அதனுடன் அதன் ஏழிலொன்றைச் சேர்க்க 8 வரும்; 8ஐ 19 ஆக்க எத்தனை மடங்கு வேண்டுமோ அத்தனை மடங்கு 7ஐப் பெருக்கு. விடை 16 5/8. நம் மாணவர் எக்ஸ் என எழுதும் இடத்தில் அவர்கள் தானியக் குவியலை வைத்திருந்தனர், வேறுபாடு அவ்வளவே.

அதே சுருளில் மற்றொரு கணக்கு உண்டு. 100 அப்பங்களைப் பத்துப் பேருக்குப் பங்கிட வேண்டும். ஆயின் அவர்களுள் படகோட்டி, மேலாள், வாயிற்காவலர் ஆகிய மூவருக்கும் இரட்டைப் பங்கு. எழுவர்க்கு ஏழு பங்கு, மூவர்க்கு ஆறு பங்கு, ஆக 13 பங்கு. ஒரு பங்குக்கு 7 9/13 அப்பம் வரும். அந்நாட்டில் அப்பமே கூலி. பங்கிடும் முறையைக் கற்கவந்த இளம் எழுத்தன், மேலாளுக்கு இரண்டு, ஏனையோர்க்கு ஒன்று என்பதையும் சேர்த்தே கற்றுக்கொண்டான். ஏன் இரண்டு எனக் கணக்கு கூறவில்லை, அவனும் கேட்கவில்லை.

இவ்வழக்கம் எகிப்தோடு நிற்கவில்லை. சீன நாட்டின் பழம்பெருங் கணித நூலான 'ஒன்பது அதிகாரங்க'ளில், தகுதியில் படிப்படியாகத் தாழ்ந்த ஐந்து அலுவலர் ஐந்து மான்களை வேட்டையாடிப் பங்கிடுகின்றனர். பங்கு 5, 4, 3, 2, 1 என்னும் விகிதத்தில். மேலவருக்கு 1 2/3 மான். கடையவருக்கு மூன்றில் ஒரு பங்கு மான். கி.பி. 800ஆம் ஆண்டையொட்டி ஐரோப்பாவில் அல்குயின் பெயரால் வழங்கிய கணக்குத் தொகுப்பில் குடும்பத் தலைவர் ஒருவர் 20 பேருக்கு 20 அளவை தானியம் கொடுக்கிறார்: ஆணுக்கு 3, பெண்ணுக்கு 2, சிறுவர்க்கு அரை. ஆண் 1, பெண் 5, சிறுவர் 14 என்பது விடை. இவற்றை எழுதியோர் கொடியவர் அல்லர். தம் கண்முன் நடந்த பங்கீட்டையே அவர்கள் எழுதினர்.

இயற்கணிதத்துக்கு ஆங்கிலத்தில் வழங்கும் 'அல்ஜீப்ரா' என்னும் பெயரைத் தந்தது, பாக்தாது நகரில் 820ஆம் ஆண்டளவில் அல்-குவாரிஸ்மி எழுதிய நூலாகும். அந்நூலில் எக்ஸ் இல்லை, சமக்குறி இல்லை. எண்களும் சொற்களாலேயே எழுதப்பட்டன. அதன் பெரும்பகுதி மரபுரிமைக் கணக்கு. ஒரு பெண் இறக்கிறாள். கணவன், ஒரு மகன், மூன்று மகள்கள் உள்ளனர். அயலார் ஒருவர்க்குத் தன் சொத்தில் எட்டில் ஒன்றும் ஏழில் ஒன்றும் எழுதிவைத்துள்ளாள். சொத்தை 1,120 பங்காக்கினால் அயலாருக்கு 300, கணவனுக்கு 205, மகனுக்கு 246, மகள் ஒவ்வொருத்திக்கும் 123. மகளுக்கு மகனில் பாதி என்பது அந்நாட்டுச் சட்டம். ஆயினும் மகளுக்கு ஒரு பங்கு உண்டு என்பதும் அதே சட்டம். நம் நாட்டில் இந்துப் பெண்கள் பிறந்த வீட்டின் பூர்விகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு பெறத் தமிழ்நாட்டில் 1989ஆம் ஆண்டும், நாடு முழுமைக்கும் 2005ஆம் ஆண்டும் பிறக்கவேண்டியிருந்தன என்பதை நம் சகோதரிகள் நினைவிற்கொள்க.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாஸ்கரர் 1150இல் இயற்றிய 'லீலாவதி'யைப் போற்றாத கணித ஆசிரியர் இல்லை; நாமும் போற்றுகிறோம். அதன் தேனீக் கணக்கு பள்ளி ஆண்டு மலர்தோறும் இடம்பெறும். தேனீக்களில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு மலருக்கும், மூன்றில் ஒரு பங்கு மற்றொரு மலருக்கும், அவ்விரண்டின் வேறுபாட்டைப்போல் மும்மடங்கு இன்னொரு மலருக்கும் செல்ல, எஞ்சிய ஒன்று மணத்தில் மயங்கித் திரிகிறது, விடை 15. படிக்குந்தோறும் இன்பம் தரும் கணக்கு.

அதே நூலில் தலைகீழ் விகிதம் கற்பிக்குமிடத்தில் வேறொரு கணக்கு உண்டு. பதினாறு வயது அடிமைப் பெண்ணின் விலை 32 நிஷ்கம் எனின், இருபது வயதுப் பெண்ணின் விலை என்ன? வயது ஏற விலை குறையும். ஆகவே 32ஐ 16ஆல் பெருக்கி 20ஆல் வகுக்க, விடை 25 3/5 நிஷ்கம். உடன் வருவது எருதின் கணக்கு: இரண்டாண்டு உழைத்த எருது 4 நிஷ்கம் எனின், ஆறாண்டு உழைத்த எருது எவ்வளவு? அதற்கு விடை 1 1/3. பெண்ணும் எருதும் ஒரே விதியின்கீழ் அடுத்தடுத்து நிற்கின்றனர்.

நாம் பயிற்சிக் கல்லூரியில் பயின்ற நாளில் தேனீக் கணக்கைப் பலமுறை கேட்டோம். இக்கணக்கை ஒருவரும் எமக்குக் கூறியதில்லை. பின்னர் ஒரு நூலகத்தில் அந்நூலின் மொழிபெயர்ப்பைப் புரட்டியபோதுதான் கண்டோம். அன்று அந்தப் பக்கத்தைக் கடந்து மேலே படிக்க இயலவில்லை. கணக்கில் பிழை ஒன்றும் இல்லை. வகுத்துப் பார்த்தோம், 25 3/5 சரியாகவே வந்தது. பாஸ்கரரைப் பழிப்பதற்காக இதனை எழுதவில்லை. மனிதரை விலைக்கு வாங்கும் சந்தை இருந்ததனால்தான் அது கணக்காயிற்று. அச்சந்தை வடக்கே மட்டும் இருந்ததன்று. 1819இல் சென்னை மாகாண வருவாய் வாரியம் பண்ணையடிமை முறையைப் பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் அறிக்கை கேட்டது. மனிதர்மீது உரிமை கொண்டாடுவதை நீதிமன்றம் ஏற்காது என்னும் சட்டம் 1843இல்தான் வந்தது. வந்த பின்னும் கடன் என்னும் கயிறு அறவில்லை; அதனைப் பின்னர்க் கூறுவோம்.

தமிழில் கணக்கு நூல்கள் பல இருந்தன. அவற்றுள் காரிநாயனார் இயற்றிய 'கணக்கதிகாரம்' யாவரும் அறிந்தது. நிலம், நெல், பொன் ஆகியவற்றை அளக்கும் முறைகளை அது செய்யுளில் கூறும். பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளிருக்கும் சுளைகளை எண்ண வழி சொல்லும்: காம்பைச் சூழ்ந்த முள்ளை எண்ணி ஆறால் பெருக்கி ஐந்தால் வகுக்க வேண்டும். (நாம் இருமுறை முயன்றோம்; ஒருமுறை ஏறக்குறைய வந்தது, ஒருமுறை பழம் எம்மை ஏமாற்றிவிட்டது.) இந்நூல்களும் எண்சுவடியும் திண்ணைப் பள்ளிகளில் பயிலப்பட்டன. முந்திரி என்றால் 320இல் ஒன்று, காணி 80இல் ஒன்று, மா 20இல் ஒன்று. எட்டு நாழி ஒரு குறுணி, பன்னிரண்டு குறுணி ஒரு கலம். பிள்ளைகள் இவற்றை மனப்பாடமாக ஒப்பிப்பர். இத்தகைய கல்வியில் தேர்ந்தவரே நிலமும் நெல்லும் அளந்து எழுதும் ஊர்க் கணக்கராக இருந்தனர். அப்பதவி தந்தைக்குப் பின் மகன் எனப் பரம்பரையாக ஓடியது.

அத்திண்ணையில் நம் முன்னோர்க்கு இடமில்லை. ஆனால் அக்கணக்கினுள் அவர்கள் இருந்தனர். களத்துமேட்டில் பொலி தூற்றியவர் அவர்கள். மரக்கால் தூக்கியவர் அவர்கள். முதல் மரக்காலை ஒன்று என எண்ணாமல் 'லாபம்' எனத் தொடங்கி அளக்கும் குரலைக் கேட்டு, எத்தனை கலம் என விரல்மடித்து எண்ணத் தெரிந்தவர்களும் அவர்களே. எம் பாட்டியார்க்கு ஓரெழுத்தும் தெரியாது. ஆயினும் களத்தில் அளந்த நெல்லுக்குத் தமக்குக் குறுணியும் நாழியுமாக எவ்வளவு கூலி வரவேண்டும் என்பதை அளந்து முடிக்குமுன் கூறிவிடுவார். கூலி அளக்கும் மரக்கால் வேறு, வாரம் அளக்கும் மரக்கால் வேறு என்பதும் அவர்க்குத் தெரியும். எந்தக் கணக்கு நூலிலும் இவ்விரண்டாவது மரக்காலைப் பற்றிய கணக்கு இல்லை. எண்ணத் தெரியாமையால் நம்மவர் ஏமாந்தனர் என மேடையில் பேசுவோர் இதனைச் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். அவர்கள் எண்ணினர், எழுதுகோல் வேறொருவர் கையில் இருந்தது.

அந்த எழுதுகோலை நோக்கிய பயணம் நீண்டது. 1893இல் சென்னை மாகாண அரசு பஞ்சமர் கல்விக்கென ஆணை பிறப்பித்தது. 1894இல் கர்னல் ஆல்காட் சென்னையில் பஞ்சமர் இலவசப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசரும் இரட்டைமலை சீனிவாசனாரும் கல்வியை முன்வைத்துப் பாடுபட்ட காலம் அது. பள்ளியின் வாயில் திறந்த இடங்களிலும் கரும்பலகை எளிதில் திறக்கவில்லை. அண்ணல் அம்பேத்கர் பம்பாயில் உயர்நிலைப் பள்ளி மாணவராக இருந்தபோது ஒருநாள் ஆசிரியர் அவரைக் கணக்கொன்றைப் பலகையில் செய்துகாட்ட அழைத்தார். உடனே வகுப்பில் கூச்சல் எழுந்தது. மற்றப் பிள்ளைகள் தம் உணவுப் பாத்திரங்களைப் பலகையின் பின்னே வைத்திருந்தனர். அவர் பலகையை நெருங்குமுன் ஓடிச்சென்று அவற்றை அகற்றினர். அவர் வாழ்க்கை வரலாற்றை எழுதிய தனஞ்செய் கீர் இதனைக் குறித்துள்ளார். பலகையருகே சென்ற அம்மாணவர் பின்னர் 1923இல் ரூபாயின் சிக்கலைப் பற்றியே ஆய்வு நூல் எழுதி வெளியிட்டார்.

நம்மவர் பள்ளிக்குள் நுழைந்தபோது அங்கே இருந்தவை இங்கிலாந்துக் கணக்குகள். இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பாவில் இயற்கணிதம் உருமாறியிருந்தது. 1557இல் ராபர்ட் ரெக்கார்டு சமக்குறியை அச்சிட்டார். 1591இல் வியேத் எண்ணுக்கு மாற்றாக எழுத்தை வைத்தார். 1637இல் தெக்கார்த்து தெரியாதவற்றுக்கு எக்ஸ், ஒய், இசட் எனப் பெயரிட்டார். அது முதல் குவியல், அப்பம், தேனீ யாவும் எக்ஸ் ஆயின. இம்மாற்றத்தைச் சிறிதாக எண்ணற்க. எக்ஸுக்குக் குலமில்லை. மேலாளின் அப்பமும் கூலியாளின் அப்பமும் சமக்குறியின் இருபுறமும் ஒரே உரிமையோடு நிற்கும். ஆனால் சமன்பாட்டுக்குப் போகும் வழியில் வாக்கியம் நின்றது; வாக்கியம் மாறவில்லை.

1863இல் வெளிவந்த டாட்ஹண்டரின் தொடக்க இயற்கணிதமும், 1885இல் வெளிவந்த ஹால், நைட் இருவரின் நூலும் இந்நாட்டுப் பள்ளிகளில் நெடுங்காலம் ஆட்சி செலுத்தின. பவுனுக்கு 20 ஷில்லிங், ஷில்லிங்குக்கு 12 பென்சு என நம் நாட்டு மாணவர் பாடம் செய்தனர். நீர்த்தொட்டியில் இரு குழாய் நீரை நிரப்ப, ஒரு குழாய் வெளியேற்றும். குடிநீர்க் கிணற்றருகே செல்லவும் உரிமையற்ற சேரிப் பிள்ளை, ஒரு வீட்டில் மூன்று குழாய் இருப்பதைக் கணக்கில்தான் முதலில் கண்டான். மூவர் வேலை செய்வர், அவர்களுக்குப் பெயரில்லை, ஏ, பி, சி என்பர். ஏ வலியவன், விரைவில் முடிப்பான். சி எப்போதும் பின்தங்குவான். கனடா நாட்டு நகைச்சுவை எழுத்தாளர் ஸ்டீபன் லீக்காக் இம்மூவரையும் மனிதராக்கி ஒரு கட்டுரை எழுதினார். 1910இல் வெளிவந்த நூலில் அது உள்ளது. அதில் சி படும் பாட்டைப் படித்துச் சிரித்தோம். சிரித்து முடித்தபின், இந்த சி நம் தெருவில் பிறந்தவனாக இருப்பானோ என்றும் தோன்றியது.

விடுதலைக்குப் பின் கணக்கின் ஆடை மாறியது. 1957 ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு 16 அணா, 192 பை என்ற முறை நீங்கி 100 நயா பைசா வந்தது. 1958 முதல் படியும் வீசையும் படிப்படியாக விலகிக் கிலோவும் லிட்டரும் வந்தன. அணாக் கணக்கில் சிக்கித் தவித்த பிள்ளைகளுக்கு இது பெரும் விடுதலை. நாம் உயர்நிலைப் பள்ளியில் பயின்றபோது கணங்களும் பாடத்தில் இருந்தன. உலகெங்கும் வீசிய 'புதுக் கணிதம்' என்னும் காற்றின் விளைவு அது. அதனைப் பற்றி நீட்டிக்க விரும்பவில்லை. வட்டிக் கணக்கைப் பற்றியே நாம் சொல்லவேண்டும்.

எட்டாம் வகுப்பில் எமக்குத் தனிவட்டி கற்பிக்கப்பட்டது. அசலை ஆண்டாலும் வீதத்தாலும் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். பாடநூலில் வீதம் எப்போதும் 5 அல்லது 6. கடன் கொடுப்பவர் வங்கி. வாங்குபவர் ஒரு வணிகர். அன்று இரவு வீட்டில் விளக்கடியில் கணக்குச் செய்துகொண்டிருந்தோம். எம் தந்தையார் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தாத்தா வாங்குன கடனுக்குப் போட்டுப் பாருப்பா" என்றார். பாட்டனார் தம் தங்கையின் திருமணத்துக்காக ஊரில் நிலமுடைய ஒருவரிடம் 60 ரூபாய் வாங்கியிருந்தார். வட்டி ரூபாய்க்கு மாதம் ஓரணா. ஐந்தாண்டு அடைபடவில்லை.

மாதம் ஓரணா என்றால் ஆண்டுக்கு 12 அணா. அதாவது நூற்றுக்கு 75. நாம் எழுதினோம்: 60ஐ 5ஆல் பெருக்கி, 75ஆல் பெருக்கி, 100ஆல் வகுக்க, 225 ரூபாய். பாடநூலின் 6 வீதத்துக்கு அதே கடனின் வட்டி 18 ரூபாய். இரண்டையும் அடுத்தடுத்து எழுதித் தந்தையாரிடம் படித்துக் காட்டினோம். அவர் நெடுநேரம் பேசவில்லை. "பதினெட்டா?" என ஒருமுறை மட்டும் கேட்டார். பாட்டனார் அக்கடனுக்காகப் படியாளாக இருந்து, தந்தையாரும் தம் பத்து வயது முதல் அந்த வீட்டு மாட்டை மேய்த்துக் கழித்தவர். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது. எம் வீட்டுக் கணக்கு அதற்குமுன் உழைப்பால் தீர்ந்துவிட்டது; தீர்ந்ததா என்பதும் பத்திரம் வைத்திருந்தவர் சொல்லித்தான் தெரியும்.

மறுநாள் வகுப்பில் அக்கணக்கை ஆசிரியரிடம் காட்டினோம். அவர் நல்லவர், சரிபார்த்து, சரி எனக் குறியிட்டார். பின்னர், "வீதம் 75 என்றெல்லாம் தேர்வில் வராது" என்றார். உண்மையே. இன்றுவரை வரவில்லை.

வேலையும் காலமும் பற்றிய கணக்குகளையும் இங்கே கூறவேண்டும். "6 ஆண்கள் அல்லது 10 பெண்கள் ஒரு வேலையை இத்தனை நாளில் முடிப்பர்" எனத் தொடங்கும் கணக்குகளை நாம் நூற்றுக்கணக்கில் செய்துள்ளோம். ஆசிரியரான பின் செய்வித்தும் உள்ளோம். அக்கணக்கின்படி ஒரு பெண்ணின் உழைப்பு ஆணின் உழைப்பில் ஐந்தில் மூன்று. சம வேலைக்குச் சம ஊதியம் என்னும் சட்டமும் 1976இல் வந்ததே. ஆயினும் பயிற்சித்தாள்களில் இக்கணக்கு பல்லாண்டு தொடர்ந்தது. ஒரு வயலை 10 பெண்கள் ஒரு நாளில் நட்டால் 6 ஆண்கள் எத்தனை நாளில் நடுவர் என எந்நூலும் கேட்டதில்லை. நம் அன்னையர் நடவு நடுவதைப் பார்த்த எவரும் அக்கணக்கை எழுதத் துணியார். கூலியைப் பற்றிய எண்கள் ஏட்டில் எழுதப்படுமுன் இரத்தத்தில் எழுதப்பட்டதையும் நாம் அறிவோம். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டதன் பின்னணியில் இருந்தது நெற்கூலியை அரைப்படி உயர்த்தக் கேட்ட கோரிக்கை. அரை என்பது மிகச் சிறிய பின்னம் எனப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது எம் நா இன்றும் தடுமாறுகிறது.

2010ஆம் ஆண்டு தொடங்கிச் சமச்சீர் கல்வி வந்தது. 2018 முதல் மேலும் புதிய பாடநூல்கள் வந்தன. முன்பு குழாயும் தொட்டியுமாக இருந்த இடத்தில் இன்று கைப்பேசிக் கட்டணமும், பேருந்துப் பயணமும், கடைத் தள்ளுபடியும் வருகின்றன. பல சமயத்துப் பெயர்களும், கணக்குப் போடும் பெண்பிள்ளைகளும் வருகின்றனர். இவையெல்லாம் நல்ல மாற்றங்கள். எனினும் பழைய குழாயும் தொட்டியும் மறைந்துவிட்டன என எண்ண வேண்டா. அவை போட்டித் தேர்வுக்குக் குடிபெயர்ந்துள்ளன. தமிழ்நாட்டில் பரம்பரை ஊர்க் கணக்கர் பதவிகள் 1980 நவம்பரில் ஒழிக்கப்பட்டன. அவ்விடத்துக்குத் தேர்வெழுதி வருபவரே கிராம நிர்வாக அலுவலர். திண்ணையில் இடம் மறுக்கப்பட்டவரின் பேரனும் பேத்தியும் இன்று அந்நாற்காலியில் அமர்ந்துள்ளனர். நம் சங்க வகுப்பிலிருந்து சென்றவரும் அவருள் உளர். அத்தேர்வில் திறனறிவுப் பகுதிக்கு 25 வினாக்கள். வட்டி, விகிதம், வேலையும் நாளும் எல்லாம் வாக்கியக் கணக்குகளே. அங்கே இடத்தை வெறுமையாக விட்டுவந்தால் இழப்பது ஒரு மதிப்பெண் அன்று.

ஆகவே சில ஆண்டுகளாக நாம் ஒன்று செய்துவருகிறோம். சமன்பாட்டை நாம் கொடுத்து, அதற்கான வாக்கியத்தைப் பிள்ளைகளையே எழுதச் சொல்கிறோம். முதலில் அவர்களும் பாடநூலைப் பார்த்துத் தந்தை மகன் வயதையே எழுதினர். பிறகு மெல்ல வேறு கணக்குகள் வரத் தொடங்கின. செங்கல் சூளை முன்பணம் வந்தது. தண்ணீர்க் குடத்தின் விலை வந்தது. கறவை மாட்டுக் கடனுக்கு வாரத் தவணை வந்தது. தாமே எழுதிய வாக்கியத்துக்கு எந்தப் பிள்ளையும் அஞ்சவில்லை. மற்றவர் எழுதியதையும் மெல்லப் படிக்கத் தொடங்கினர்.

சென்ற முறை பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எழுதிய கணக்கு இது. 2024-25ஆம் ஆண்டில் நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் குறித்த நாள் ஊதியம் 319 ரூபாய். அவள் ஊரில் நடவுக் கூலி 400 ரூபாய். "என் அம்மா ஒரு மாதத்தில் இரண்டு வேலைக்கும் சேர்த்து 24 நாள் சென்றார். மொத்தம் 7,780 ரூபாய் கிடைத்தது. நூறு நாள் வேலைக்குச் சென்றது எத்தனை நாள்?"

எல்லா நாளும் நடவுக்கே சென்றிருந்தால் 9,600. நூறு நாள் வேலையின் ஒவ்வொரு நாளுக்கும் அதில் 81 குறையும். 9,600இல் 7,780ஐக் கழிக்க 1,820. அதனை 81ஆல் வகுக்க வேண்டும். வகுப்பு முழுவதும் வகுத்தது. 22 நாளும், அதற்கு மேல் அரை நாளுக்குச் சற்றுக் குறைவாகவும் வந்தது. முழு எண் வராததனால் கணக்கே தவறு என்றனர் சிலர். நாமும் அவ்வாறே எண்ணி, எண்களைச் சரிபார்க்கச் சொன்னோம்.

அவள் எழுந்து நின்று, "எண்ணெல்லாம் சரிதான் ஐயா. அம்மா நூறு நாள் வேலைக்குப் போனது 14 நாள்தான். நடவு 10 நாள், 4,000 ரூபாய். மிச்சம் 3,780ஐ 14ஆல வகுத்துப் பாருங்க" என்றாள்.

வகுத்துப் பார்த்தோம், நாளுக்கு 270 வந்தது. வேலையை அளந்து, அளவுக்கேற்பவே கூலி கணக்கிடப்படும்; அளவு குறைந்தால் 319 வராது என்பதை நாம் விளக்கினோம். அவள் கேட்டுக்கொண்டு, தன் ஏட்டில் 319 இருந்த இடத்தை அடித்துவிட்டு ஒய் என எழுதினாள். பிறகு, "அப்படின்னா அளந்தது யாரு, எவ்வளவு அளந்தாங்கன்னு தெரிஞ்சாத்தானே ஐயா இந்தக் கணக்கைப் போடமுடியும்?" என்று கேட்டாள். மணி அடித்துவிட்டது. மறுவாரம் அவள் தாயாரின் வேலை அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் வகுப்புக்குக் கொண்டுவந்தாள். அவளோடு இன்னும் ஏழு பிள்ளைகளும் தம் வீட்டு அட்டைகளைக் கொண்டுவந்திருந்தனர்.